மேளக்காரர் காது

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

போன மாசம் ஒரு நண்பர் கேட்டார். "சென்னையில குப்பத்துக்கே கர்நாடக சங்கீதத்தக் கொண்டு போறாங்களாம், ஊரூர் ஆல்காட் குப்பம் விழான்னு. நம்ம வன்னியம்பட்டி பக்கம் அப்படி யாராவது பண்றாங்களா டாக்டர்?" 2015ல டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் எல்லாரும் அந்த மீனவக் குப்பத்து ஆட்களோட சேர்ந்து ஆரம்பிச்ச விழா அது. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா நம்ம ஊர்ல அது எப்பவும் தெருவுலதான் இருந்துச்சு. ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு தாளம், ஒரு ஒத்து. டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில மல்லாரி வாசிப்பாங்க. அது மல்லாரின்னு தெரியாமலே எங்க பாட்டி அடுப்ப அணைச்சுட்டு வாசலுக்கு ஓடுவா. மதுரை மீனாட்சி கோவில்ல எல்லாச் சாதிக்காரங்களும் உள்ள போக முடிஞ்சதே 1939லதான். அதுக்கு முன்னாடி உள்ள விடாத ஆட்கள் காதுக்கும் இந்த மேளம் மதில தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கு. சத்தம் பெருசா இருந்ததுல அப்படி ஒரு நியாயம் இருந்துச்சு.

கோவில்பட்டியில வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்த நம்ம ஜில்லாப் பெரியவங்க இன்னும் சொந்தக்காரர் மாதிரிதான் பேசுவாங்க. 1962ல வந்த 'கொஞ்சும் சலங்கை'யில எஸ்.ஜானகி குரலோட போட்டி போட்ட நாயனம் அவரோடது. ராஜரத்தினம் பிள்ளையோட சிஷ்யர். 1964ல இறந்தப்ப வயசு வெறும் 43.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்கிட்ட சுகருக்கு வர்ற ஒரு தவில் வித்வான். (அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.) வயசு ஐம்பதத் தாண்டியாச்சு. ஒருநாள் கூட வந்த அவர் வீட்டம்மா, "டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது டாக்டர். நான் கூப்பிட்டா மட்டும் இவருக்குக் கேக்கல"ன்னாங்க. அவர் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல. நான் முகத்தத் திருப்பிக் கேட்ட ரெண்டு கேள்விக்கும் அவர் பதில் சொல்லலைங்கறது அப்பதான் உறைச்சுது.

ஆடியோகிராம் எடுக்கச் சொன்னேன். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்கியிருந்துச்சு, ரெண்டு காதுலயும். தறி ஓட்டுறவங்க, மில்லுல வேலை பாக்கறவங்களுக்கு நாங்க பாக்கற அதே பள்ளம். உள்காதுல இருக்கற நுண்மயிர்ச் செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. மாத்திரை கிடையாது, ஆபரேஷன் கிடையாது.

கணக்கு இதுதான். 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாக் குறையும். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். ஒரு கல்யாணத்துல தவில் பக்கத்துல நின்னு போன் ஆப்ல அளந்தேன், 100ஐத் தாண்டிடுச்சு. போன் ஆப் துல்லியமில்ல, ஒத்துக்கறேன். ஆனா அண்ணாச்சி வாசிக்கறது 15 நிமிஷம் இல்ல. முகூர்த்த நாள்ல அஞ்சு மணி நேரம், முப்பத்தஞ்சு வருஷமா.

இது நம்ம ஊரு சமாச்சாரம் மட்டும் இல்ல. லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ்ல கிறிஸ் கோல்ட்ஷைடர்னு ஒரு வயோலாக் கலைஞர். 2012ல வாக்னர் இசை ஒத்திகை. பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால உக்கார வச்சிருந்தாங்க, காது போச்சு. கேஸ் போட்டு 2018ல ஜெயிச்சார். நம்ம அண்ணாச்சி யார் மேல கேஸ் போடுவார்? பிள்ளையார் மேலயா?

அவர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "டாக்டரய்யா, இத எழுதிக் கிழுதிக் குடுத்துராதீக. காது மந்தம்னு தெரிஞ்சா எவனும் கூப்பிட மாட்டான். ஏற்கெனவே பாதிப் பேரு செண்டை மேளத்துக்குப் போயிட்டான்."

இப்ப என் தப்பு. மெடிக்கல்ல கிடைக்கற பஞ்சு மாதிரி அடைப்பான் ரெண்டு குடுத்து, "வாசிக்கும்போது வச்சுக்கோங்க"ன்னு அனுப்பிட்டேன். பெரிய சேவை செஞ்ச நினைப்பு எனக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வந்து மேசை மேல வச்சார். ஒரு கல்யாணத்துல நாயனக்காரர் முடிப்புக்கு வந்தது அவருக்குக் கேக்கல. அவர் மட்டும் தனியா ரெண்டு ஆவர்த்தனம் ஓட்டியிருக்கார். கூட்டத்துல யாருக்கும் தெரியல. ஆனா நாயனக்காரர் திரும்பிப் பாத்திருக்கார். "அந்தப் பார்வை போதும்யா எனக்கு"ன்னார்.

அப்புறம்தான் ஒழுங்காப் படிச்சேன். அந்தப் பஞ்சு அடைப்பான் மேல்ஸ்தாயியத்தான் அதிகமா விழுங்கும். அவர்கிட்ட ஏற்கெனவே குறைஞ்சு போனதும் அதுதான். வாத்தியக்காரங்களுக்குன்னே எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவாக் குறைக்கற அடைப்பான் இருக்கு, வெளிநாட்டு ஆர்க்கெஸ்ட்ராக்கள்ல சாதாரணமா வச்சுக்குவாங்க. ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தேன். காசு வேணாம்னேன். கேக்கல, அடுத்த வாரமே கொண்டு வந்து குடுத்துட்டார்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் பாக்கப் போனப்ப, ரத வீதியில ஒரு மண்டகப்படி பக்கம் அவர் வாசிச்சுக்கிட்டிருந்தார். அடைப்பான் ஒரு காதுல மட்டும்தான் இருந்துச்சு, கூட வாசிக்கற தவில் பக்கத்துக் காதுல. நாயனத்துப் பக்கம் திறந்தே விட்டிருந்தார். நான் சைகையில கேட்டேன், அவர் கண்ணாலயே 'போங்க'ன்னார். திட்டணும்னுதான் நின்னேன். அவர் வலந்தலையில விரல ஓட்ட ஆரம்பிச்சதும் நானும் எல்லாரையும் மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னுட்டேன்.

போன வாரம் மகனக் கூட்டிட்டு வந்தார். பதினாலு வயசு, தவில் கத்துக்கறான். "இவனுக்கும் அந்தக் கோடு போட்டுப் பாருங்கய்யா, இப்பவே." பாத்தோம். நார்மல். அந்தத் தாள ரெண்டா மடிச்சு, விரல்கூடு வைக்கற சுருக்குப் பையில வச்சுக்கிட்டார். பையனுக்கு அடைப்பான் எங்க வாங்கறதுன்னு கேட்டார்.

"ரெண்டு காதுக்கும் சேத்து வாங்குங்க அண்ணாச்சி"ன்னேன்.

கேட்டுச்சா கேக்கலையான்னு தெரியல. சிரிச்சார்.