அக்காளுக்கு இன்னோர் அம்மா

நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எங்கள் அக்காள், உதவித்தொகை பெற்று, 2023 செப்டம்பரில் ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திற்குக் கடல் உயிரியல் படிக்கச் சென்றாள். வீட்டில் ஆச்சி, அம்மா, தம்பி, இதை எழுதும் தங்கை என நாங்கள் நால்வர். அப்பா கப்பலில் வேலை.

ஊர்ப் பெயரைக் கேட்டதும் முதலில் முகம் மலர்ந்தவர்கள் ஆச்சிதான். "நம்ம பெலவேந்திரர் ஊரா? அப்போ தாராளமாப் போகட்டும்" என்றார்கள். அப்போஸ்தலரான அந்திரேயாவை நம் கடற்கரை ஊர்களில் பெலவேந்திரர் என்றுதானே அழைக்கிறோம்! அவருடைய திருப்பண்டங்கள் முற்காலத்தில் அங்கே வைக்கப்பட்டிருந்ததால் அவ்வூருக்கு அப்பெயர் வந்தது. 1318-இல் அபிஷேகம் செய்யப்பட்ட பேராலயம் இன்று இடிந்த சுவர்களாகக் கடலைப் பார்த்து நிற்கிறதாம்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்கள்.

1413 முதல் நடந்துவரும் பல்கலைக்கழகம் அது. ஸ்காட்லாந்தில் அதைவிடப் பழையது இல்லை. எனவே வழக்கங்களுக்குப் பஞ்சமில்லை. மாணவர்களுக்குச் சிவப்புக் கம்பளி அங்கி உண்டு. முதலாண்டு மாணவர் அதை இரு தோள்களையும் மூடி அணிவார்கள். ஆண்டு ஏற ஏற அங்கி இறங்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு தோளில் மட்டும் நிற்கும். நான்காம் ஆண்டில் முழங்கைக்கே வந்துவிடும். "குளிர் நாட்டில் இதென்ன கூத்து, தோளை மூடச் சொல்லு" என்பது ஆச்சியின் தீர்ப்பு. ஞாயிறு வழிபாடு முடிந்ததும் இந்த அங்கியோடு துறைமுகத்தின் பழைய கல் பாலத்தில் கடலுக்குள் நடந்து போய்த் திரும்புவார்கள். 1800-இல் உடைந்த கப்பலொன்றிலிருந்து மாலுமிகளை நீந்திக் காப்பாற்றிய ஜான் ஹனி என்ற மாணவரின் நினைவாக இது நடக்கிறது என்பாரும் உண்டு.

கல்லூரி வாயிலின் முன் தரையில் "பி.எச்." என்று இரண்டு எழுத்துகள் கல்லில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை மிதித்தவர் தேர்வில் தோற்பார் என்று நம்பிக்கை. மிதித்துவிட்டால் மே முதல் நாள் விடியலில் வடகடலில் முங்கி எழ வேண்டுமாம்! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அக்காள் விளக்கம் சொன்னாள். 1528-இல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற இளைஞர், சீர்திருத்தக் கொள்கைக்காக, அதே இடத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருடைய முதலெழுத்துகளே அவை. தீர்ப்பளித்தவர் நம் திருச்சபையின் பேராயர்தான் என்று கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி அம்மாவின் வருத்தத்துக்கு வருவோம். அங்கே புதிதாய் வரும் மாணவரை மூத்த மாணவர்கள் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக் கொள்வார்கள். அக்காளுக்கும் ஓர் "அம்மா" வாய்த்தாள். ஷெட்லாந்துத் தீவிலிருந்து வந்த மூன்றாம் ஆண்டுக்காரி. ஒரு "அப்பா"வும், "அண்ணன் தங்கை"களும்கூட உண்டு. அக்டோபரில் உலர்திராட்சைத் திருநாள் வரும். பிள்ளைகள் நன்றியாகப் பெற்றோருக்கு ஒரு பவுண்டு உலர்ந்த திராட்சை கொடுப்பது பழைய வழக்கம். அதற்கு லத்தீனில் ரசீது தருவார்கள். மறுநாள் "அம்மா" போட்டுவிட்ட வேடத்தோடு எல்லாப் பிள்ளைகளும் புல்வெளியில் கூடிச் சவரச் சோப்பு நுரையை வாரி அடித்துக்கொள்வார்கள். தலை முதல் கால் வரை நுரையாய் நின்ற அக்காளைக் கைப்பேசியில் பார்த்துத் தம்பி துள்ளிக் குதித்தான்.

அம்மா முகம் வாடிப்போயிற்று. "பெத்தவ நான் இங்க இருக்கேன். அங்க ஒனக்கு இன்னொரு அம்மையா?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போனவர்கள், அந்த வாரம் முழுவதும் கைப்பேசிப் பக்கமே வரவில்லை. அக்காள் மறுமுனையில் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை அந்த "அம்மா" தன் பிள்ளைகளை எடின்பரோ நகரம் பார்க்க அழைத்துப் போனாள். செயின்ட் ஆண்ட்ரூசில் ரயில் நிலையம் கிடையாது. லூகர்ஸ் வரை பேருந்து, பிறகு ரயில். வழியில் 1890-இல் திறந்த ஃபோர்த் பாலம், ஏறக்குறைய இரண்டரை கிலோ மீட்டர். நம் பாம்பன் பாலத்தைவிடச் சற்று நீளம் என்று தம்பி கணக்குப் பார்த்து வருத்தப்பட்டான். கோட்டையில் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி வெடித்தபோது அக்காள் பயந்து கத்தினாளாம். 1861 முதல் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க வெடிக்கும் பீரங்கி அது. கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு பாகை தவறிவிடும் என்று அப்பா பின்னர் விளக்கினார்கள்.

நகரத்தில் கிறிஸ்துமஸ் சந்தை, விளக்குகள், ராட்டினம் எல்லாம் இருந்தன. ஆச்சி கேட்டதோ வேறு. எடின்பரோவின் புனித மரியன்னை பேராலயத்தில் பெலவேந்திரரின் திருப்பண்டங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1879-இல் இத்தாலியின் அமால்ஃபியிலிருந்து வந்தது. மற்றது 1969-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அளித்தது. அங்கே மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பது ஆச்சியின் கட்டளை.

இரவு ஒன்பதே காலுக்கு அழைப்பு வந்தது. அங்கே மாலை மூன்றே முக்கால்தான், ஆனால் அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. பேராலய வாயிலில் நின்ற அக்காள் முழங்கால் வரை தொங்கும் தடித்த கோட்டு அணிந்திருந்தாள். நாங்கள் வாங்கிக் கொடுத்தது அல்ல. பக்கத்தில் நின்ற ஷெட்லாந்துக்காரி மெல்லிய கம்பளிச் சட்டையோடு கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோவில் வழக்கமே கிடையாதாம். இருந்தும் அக்காள் ஜெபமாலை சொல்லி முடிக்கும்வரை கடைசிப் பெஞ்சில் காத்திருந்தாள்.

அம்மா எப்போது வந்து எங்கள் பின்னால் நின்றார்கள் என்று தெரியவில்லை. கைப்பேசியை வாங்கி, அந்தப் பெண்ணைப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று தமிழிலேயே கேட்டார்கள். அக்காள் மொழிபெயர்த்தாள். இன்னும் இல்லை என்று பதில் வந்தது. "மொதல்ல ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க. அந்தப் புள்ள கோட்ட குடுத்துட்டு ஒனக்கு வேற வாங்கு" என்றார்கள்.

மறுநாள் அனுப்பப் பொட்டலம் கட்டினோம். ஊறுகாய், முதலூர் மஸ்கோத் அல்வா, அதன்மேல் உலர்ந்த திராட்சை.

"ஒரு பவுண்டுன்னா எத்தனை கிராம்?" என்று அம்மா கேட்டார்கள்.

நானூற்று ஐம்பத்து நான்கு என்று தம்பி சொன்னான்.

"அரைக் கிலோவாவே போடு. கொறச்சுக் கொடுத்த மாதிரி இருக்கக் கூடாது" என்றார்கள் அம்மா.