பிழை யாருடையது?

மாணவன் பிழைவிட்டால் உடனே சிவப்பு மையைத் தொடுவது ஆசிரியராகிய நமக்குக் கைவந்த பழக்கம். அப்பிழை எங்கே பிறந்தது என்று ஆராய்வதோ அரிது. மரானா விபத்தைப் பற்றிப் படித்த நாள்முதல் இப்பழக்கம் நம்மை உறுத்துகிறது.

2000ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள மரானா விமான நிலையத்தில், ஆபத்திற் சிக்கியோரை மீட்கும் ஒத்திகையொன்று நடந்தது. ஹெலிகொப்டரைப் போல் இறங்கி, விமானத்தைப் போற் பறக்கும் ஓஸ்பிறே என்னும் புதிய பொறி, தரையை நெருங்குகையில் கவிழ்ந்து வீழ்ந்தது. அதிலிருந்த 19 படையினரும் மாண்டனர். அவருட் பதினைவர் பயணிகளாய் அமர்ந்திருந்த சிப்பாய்கள்.

நடந்தது என்ன? முன்னோக்கிய வேகம் குன்றிய நிலையில் விரைந்து இறங்கும் சுழலி, தான் கீழே தள்ளிய காற்றின் சுழலுக்குள் தானே அமிழும். பொறியைத் தாங்கும் வலுவை இழக்கும். விசையைக் கூட்டினால் நிலைமை மேலும் மோசமாகும். ஓஸ்பிறேயின் இரு சுழலிகளும் சிறகுகளின் இரு நுனிகளிலும் உள்ளன. வலப்பக்கச் சுழலி வலுவிழந்ததும் பொறி அப்பக்கமே புரண்டது. 40 நொட்டுக்குக் குறைந்த வேகத்தில், நிமிடத்துக்கு 800 அடிக்கு மேல் இறங்கலாகாது என்பது விதி. அன்று அது 2,000 அடிக்கும் மேலான விகிதத்தில் இறங்கியது.

கடமையை முடிக்க விமானி காட்டிய முனைப்பே உயிர்குடித்தது என்று அவ்வாண்டிலேயே மேலிடத்தார் அறிவித்தனர். இறந்தவர் மறுமொழி கூறார் அல்லவா? ஆனால், இத்தகைய இறக்கத்தை ஆராய்வதற்கெனத் திட்டமிட்ட சோதனைகள் பல, காலமும் பணமும் கருதி முன்னரே குறைக்கப்பட்டிருந்தன. விதி ஏட்டில் இருந்தது; மீறினால் நேரக்கூடிய விபரீதமோ அதில் தெளிவாக எழுதப்படவில்லை. கற்பிக்காத பாடத்திற் பரீட்சை வைத்தவர் யார்?

விமானிகளின் மனைவியர் ஓயவில்லை. காங்கிரஸ் உறுப்பினர் வோல்ட்டர் ஜோன்ஸ் அவர்களுக்குத் துணைநின்றார். 2016இல், பாதுகாப்புத் துணைச் செயலாளர் றொபேட் வேர்க், விமானிகளின் முனைப்பே காரணம் என்ற கூற்றைத் தாம் ஏற்கவில்லை என்றும், ஒரே காரணத்தைச் சுட்ட இயலாது என்றும் ஒப்புக்கொண்டார். இவ்வளவைக் கூற 16 ஆண்டுகள் சென்றன!

போர்ப்பொறிகளை நாம் போற்றுபவரல்லேம். எனினும், திட்டமிட்டவன் தப்ப, இயக்கியவன் தலையிற் பழி வீழும் இவ்வழக்கம் படைக்கு மட்டும் உரியதன்று. ஆலையில் விரலிழந்த தொழிலாளியையும் கவனயீனன் என்றே கூறுகின்றனர். காவற்றகடு இல்லாத இயந்திரத்தை எவரும் விசாரிப்பதில்லை.

நாளை விடைத்தாள் திருத்த அமருமுன், நம் பாடக்குறிப்பை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம்.