மலையேறிய மீன்

கடற்கரை ஊர்களிலிருந்து கண்டிக்கு வரும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இங்கே நல்ல மீன் கிடைக்குமா?" கிடைக்கும். கொழும்பிலிருந்து 115 கிலோமீற்றர் தொலைவு, ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். ஐஸில் புதைந்து லொறியேறி வரும் மீன் எமது சந்தையிலும் உண்டு. ஆனால் அதன் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை. ஆகவே மலைநாட்டார் தமக்கென ஒரு கடலுணவை வகுத்துக்கொண்டனர். அதுதான் சமன் சான்ட்விச்.

சமன் என்பது சல்மன் என்னும் ஆங்கிலப் பெயரின் மரூஉ. குளிர்நாட்டு மீனான சல்மன் இலங்கைக் கடலில் வாழ்வதில்லை. நாம் வாங்கும் டின்னில் பெரும்பாலும் இருப்பதும் அதுவன்று, மக்கரல்தான். எனினும் பெயர் நிலைத்துவிட்டது. தோட்டத்து லயத்திலும் நகரத்து மாடிவீட்டிலும் அதற்கு ஒரே பெயர்.

செய்முறை எளிது. 425 கிராம் டின் ஒன்றைத் திறந்து நீரை வடித்துக்கொள்ளுங்கள். அந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். இரவுக் குழம்புக்கு உதவும். முள்ளை எடுத்தெறியவும் வேண்டாம். டின்னை மூடி முத்திரையிட்ட பின்னர் உயர் வெப்பத்தில் வேகவைப்பதால் முள் மாவாய் மசிந்துவிடும். சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. சின்ன வெங்காயத்தைப் பொடியாய் அரிந்து, உப்பிட்டுப் பிசறி, நீரைப் பிழிந்துவிடுங்கள். பச்சை மிளகாய், மிளகுத்தூள், தேசிக்காய்ச் சாறு சேர்த்து மீனோடு பிசைந்தால் உள்ளீடு ஆயத்தம். ஆட்கள் கூடுதலானால் அவித்த உருளைக்கிழங்கு இரண்டை மசித்துச் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாண் துண்டின் ஓரம் வரை பட்டர் பூச வேண்டும். சுவைக்காக மட்டுமன்று, மீனின் ஈரம் பாணுக்குள் இறங்காமல் தடுப்பதும் அந்தக் கொழுப்புத்தான்.

இவ்வளவையும் எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, மண்சரிவால் மிகுந்த உயிர்களை இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. வீதிகள் துண்டிக்கப்பட்டன, ரயில் பாதை சிதைந்தது, எங்கள் பகுதியில் மின்சாரமும் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீனும் இறைச்சியும் கெட்டுப்போயின. கெடாதிருந்தது டின் ஒன்றுதான். அதற்கு ஐஸும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

எமது ஒழுங்கையில் இருந்தவர்கள் வீட்டுக்கு இரண்டு மூன்றாய்க் கொண்டுவந்த டின்களை ஒன்று சேர்த்தோம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி வெதுப்பகத்தில் காத்துநின்று பாண் வாங்கி வந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் துணைவியாரும் அவரும் பிசைய, நான் பட்டர் பூசினேன். விருந்துகளில் செய்வதுபோல் எவரும் ஓரம் வெட்டவில்லை. விடிந்ததும் அருகிலுள்ள பாடசாலையில் தங்கியிருந்த தோட்டக் குடும்பங்களுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு முதியவர் தமக்குக் கிடைத்த துண்டை இரண்டாய்ப் பிரித்து, ஒன்றைத் தாளில் சுற்றி வைத்தார். "நீங்கள் சாப்பிடுங்கள் ஐயா, இன்னும் இருக்கிறது" என்றேன். "பேத்தி தூங்குறா, அவளுக்குத்தான் தம்பி" என்றார்.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு முழுத் துண்டு கொடுத்தோம். அப்போதும் அவர் தாளைப் பிரிக்கவில்லை. மலைச் சரிவின் கீழ் வாழ்கின்றவர்களுக்கு அடுத்த வேளையைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது சரியாத நிலத்தில் ஒரு வீடு. நிவாரணப் பொதியில் வரும் டின்னால் அதைத் தர முடியாது. அது அரசு செய்ய வேண்டிய காரியம். செய்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பது எம்மைப் போன்ற பத்திரிகைக்காரரின் காரியம்.

மழைக்காலம் வருமுன் வீட்டில் நான்கு டின் வாங்கி வையுங்கள். இரண்டு உங்களுக்கு.