அந்தக் கணினிக்கு யார் காசு கட்டுகிறார்கள்?

"தம்பி, இதுக்கு மணிக்கு எவ்வளவு?"

மலாக்காவில் ஒரு நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆன்டி கேட்டார். குருபோங் தாமானிலிருந்து பேரனின் மோட்டாரில் வந்தவர். இளமையில் பால்மரம் சீவியவர். உதவித்தொகைப் படிவம் திரையில் திறந்து கிடந்தது. ஐசி எண்ணைத் தாண்டி நகரவில்லை.

"காசு கிடையாது ஆன்டி. சும்மாதான்."

"சும்மா யாரு குடுப்பா? அப்ப யாரு காசு கட்றா?"

எனக்குத் தெரியவில்லை. பள்ளி நாளிலிருந்து பயன்படுத்தும் வசதி, ஆனாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்ததே இல்லை. படிவத்தை முடித்து அனுப்பியபின் அவர் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரியத் தொடங்கினேன்.

முதலில் இப்படிப் பொதுக் கணினி வைத்திருக்கும் இணைய மையங்களின் பெயர்ப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். இன்று நாடெங்கும் 'நாடி' என்ற பெயரில் இயங்கும் இணைய மையங்களுக்கு அதற்கு முன் 'பெடி' என்று பெயர். அந்தப் பெயரின் விரிவில் 'கெலுவார்கா மலேசியா' இருந்தது. அது இஸ்மாயில் சப்ரி பிரதமராக இருந்தபோது எழுந்த முழக்கம். அதற்கும் முன்னால் '1மலேசியா இணைய மையம்'. அது நஜிப் காலத்து முழக்கம். பிரதமர் மாறினால் பலகை மாறும். உள்ளே இருக்கும் மேசை நாற்காலிகள் அநேகமாக அப்படியே இருக்கும். பலகை எழுதுகிறவர்களுக்குத்தான் நல்ல பிழைப்பு என்று தோன்றியது.

இன்னும் பின்னால் போனால் 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் வருகிறது. சிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கம் சுங்கை ஆயர் தாவாரில் முதல் 'புசாட் இன்டர்நெட் டேசா', அதாவது கிராமப்புற இணைய மையம், திறக்கப்பட்டது. இந்த மையங்களை அஞ்சல் நிலையங்களோடு சேர்த்து அமைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கடிதம் போட வருகிறவர் அப்படியே மின்னஞ்சலும் போடலாம் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். 2000களின் பிற்பகுதியில் கிராம நூலகங்களுக்கும் கணினியும் அகலக்கற்றையும் வந்தன. நூலகமும் கணினியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த கதை நம் நாட்டில் பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, காசு? அதற்கான விடை 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் இருக்கிறது. தொலைத்தொடர்பு உரிமம் வைத்திருக்கும் நிறுவனங்கள், கணக்கில் சேரும் நிகர வருமானம் 20 லட்சம் வெள்ளியைத் தாண்டினால், அதில் 6 விழுக்காட்டை ஒரு பொது நிதிக்குக் கட்ட வேண்டும். லாபம் வராது என்று நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்குத் தொலைபேசியும் இணையமும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்த நிதி அது. தொடர்பு, பல்லூடக ஆணையம் அதைப் பராமரிக்கிறது. நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பத்து வெள்ளி டாப்-அப் போடும் ஆன்டியிடமிருந்துதான். அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "நீங்கதான் கட்றீங்க" என்பது. இதில் ஒரு திருத்தம்: எல்லாக் கணினிக்கும் இந்த நிதி இல்லை. மாநிலப் பொது நூலகங்கள் மாநில, கூட்டரசு ஒதுக்கீட்டில் ஓடுபவை. அதுவும் வரிப்பணம், சுற்றிச் சுற்றி அதே ஆன்டியிடம்தான் வந்து நிற்கும்.

பணத்தின் வழி தெரிந்ததும் வேறொன்று உறுத்தியது. கிராமத்துக்கு என்று வந்த இந்த வசதி தோட்டத்துக்கு ஏன் வரவில்லை?

மலாக்காவுக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. மலாயாவில் வணிக நோக்கில் முதலில் ரப்பர் நட்டது இங்கேதான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில், தான் சாய் யான். அதன்பின் வந்த தோட்டங்களில் நம் ஆட்கள் மூன்று நான்கு தலைமுறை கிடந்தார்கள். ஆனால் தோட்டம் கம்பெனியின் சொந்த நிலம். கிராமப்புற மேம்பாடு என்று அரசாங்கம் தண்ணீர், மின்சாரம், சாலை கொண்டுவந்தபோது கம்பம் கிராமம் ஆனது, 1956இல் அமைக்கப்பட்ட பெல்டாவின் குடியேற்றமும் கிராமம் ஆனது. தோட்டம் மட்டும் கம்பெனியின் பொறுப்பு என்று விடப்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டானபோது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது, சனம் குருபோங், செங், பாயா ரும்புட் பக்கத்துத் தாமான்களுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அவர்கள் நகரவாசிகள். கிராமத் திட்டம் அவர்களைத் தேடி வராது. லயத்தில் இருந்தவரை தனியார் நிலம் என்று விட்டுப்போனது, தாமானுக்கு வந்ததும் நகரம் என்று விட்டுப்போகிறது. நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கும் பின்னாளில் மையங்கள் வந்தன என்பது உண்மை. ஆனால் தரைவீட்டுத் தாமானில் வாடகைக்கு இருப்பவருக்கு நூலகம்தான் கதி.

அந்த நூலகத்தில் கணினி இருந்தால் மட்டும் போதுமா? 2012இல் பிரிம் தொடங்கியதிலிருந்து இன்றைய எஸ்டிஆர் வரை உதவித்தொகை, சேமநிதிக் கணக்கு, பல்கலைக்கழக விண்ணப்பம், வருமான வரி எல்லாம் திரைக்குள் போய்விட்டன. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த மாதமே சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க விண்ணப்பிக்கலாம் என்றார்கள், அதுவும் இணையம் வழியாக. அதே நாட்களில் நூலகங்கள் பூட்டிக் கிடந்தன. கதவு திறந்திருக்கும் இன்றும் பாதிப் பேர் டிஏசி எண்ணில்தான் சிக்குகிறார்கள். அந்த எண் கைப்பேசிக்கு வரும். பதிவில் இருப்பதோ எப்போதோ காலாவதியான பழைய பிரிபெய்ட் எண். மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தவன் மருமகன். அவன் ஜொகூரில் வேலை செய்கிறான். கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். இவர்களுக்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள்.

அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்று தேடினால் சட்டப் புத்தகம் உதவவில்லை. 1973க்கு, அமெரிக்காவின் பெர்க்லி நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி உச்சியில் 'கம்யூனிட்டி மெமரி' என்ற குழு, போகிற வருகிறவர் யாரும் தொடலாம் என்று ஒரு கணினி முனையத்தை வைத்தது. அட்டைப்பெட்டியால் மூடிய தட்டச்சுப் பொறி அது. தொலைவில் இருந்த பெரிய கணினியோடு தொலைபேசிக் கம்பியால் இணைத்திருந்தார்கள். பின்னால் ஒரு முனையம் சான்பிரான்சிஸ்கோவின் நூலகக் கிளை ஒன்றுக்கும் போனது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த முதல் முனையத்தின் அருகிலேயே, வருகிறவர்களுக்குக் காட்டிக்கொடுக்க ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள். பிரிட்டன் 2000 வாக்கில் லாட்டரிப் பணத்தில் பொது நூலகங்கள் எல்லாவற்றுக்கும் இணையம் போட்டபோது, 10 கோடி பவுன் கருவிகளுக்கு என்றும் 2 கோடி பவுன் நூலக ஊழியர்களின் பயிற்சிக்கு என்றும் ஒதுக்கியது. நம் இணைய மையங்களிலும் மேலாளர், உதவி மேலாளர் என்று இருவர் உண்டு. பொதுவில் கணினி வைத்த ஒவ்வொருவரும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்பதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதில்லை என்று அம்மாதான் சொன்னார். அவர் பிறந்த தோட்டத்தில் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால் பள்ளி வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குப் போவார்களாம். மனு என்றால் கிராணியிடம். டவுனுக்குப் போனால் அஞ்சடியில் மேசை போட்டு எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனை ஒருவர் உரக்கப் படிக்க லயமே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. "வாத்தியாருக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும். ஆனா வெளிய பேச மாட்டாரு" என்றார் அம்மா. "கிராணி கொஞ்சம் வேற மாதிரி."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. உதவி கேட்பவர் தன் ஐசி எண்ணை, வங்கிக் கணக்கை, கடவுச்சொல்லை நீட்டுகிறார். நூலகம் ஒன்றில் பணிபுரிபவரிடம் பேசியபோது, வழி சொல்லலாம், அவர்களுக்காகத் தட்டச்சு செய்யக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றார். நாளை கணக்கில் பணம் குறைந்தால் யார் பதில் சொல்வது? தனிநபர் தரவுக்கு 2010இலேயே தனிச் சட்டம் வந்த நாடு இது. அவர் தயக்கம் நியாயமானது. விளைவு மட்டும் வேடிக்கை. பொறுப்பு உள்ளவர் தள்ளி நிற்க, எந்தப் பொறுப்பும் இல்லாத என்னைப் போன்ற அடுத்த நாற்காலிக்காரனிடம் கடவுச்சொல் வந்து சேர்கிறது. நான் வாத்தியாரா கிராணியா என்று அந்த ஆன்டிக்கு எப்படித் தெரியும்?

மொழியும் சேர்ந்துகொள்கிறது. படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழைக் கணினியில் ஏற்றியதில் மலேசியர் பங்கு பெரியது. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த மண்ணின் மைந்தர், 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. தமிழில் தட்டச்சு செய்யும் வழி அப்போதே வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறும் மேசை மட்டும் நான் போன எந்த நூலகத்திலும் கண்ணில் படவில்லை.

அடுத்த முறை ஆன்டியைப் பார்த்தபோது ஆறு விழுக்காட்டுக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டார். "நம்ம காசுதானா?" என்றார். பிறகு நேராக முகப்பு மேசைக்குப் போய், தமிழ் தெரிந்தவர் எந்தக் கிழமை இருப்பார் என்று மலாயில் விசாரித்தார். செவ்வாய், வியாழன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.