இரண்டு போதும் என்றேன்



புரட்டாசி பிறந்துவிட்டது. நம் கரிசல் காடுகளில் புழுதி விதைப்பு நடந்துகொண்டிருக்கிறது. உளுந்தும் சோளமும் காய்ந்த மண்ணுக்குள் கிடந்து மழைக்குக் காத்திருக்கின்றன. இந்த நாட்களில்தான், சென்ற வாரம் ஓர் இரவு, கனடாவிலிருந்து என் தங்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். டொரொண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வேலைபார்க்கிறான். கோடையில் பழைய விளையாட்டுக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை வண்டி. குளிர்காலத்துக்கு என்ன டயர் போடுவது என்பதே அவனுடைய கேள்வி.

"மாமா, இது பின்வீல் டிரைவ் வண்டி. தள்ளுறது பின் சக்கரந்தானே? பின்னால மட்டும் ரெண்டு பனி டயர் போட்டாப் போதாதா? நாலும் வாங்க இப்ப கையில காசு இல்ல."

முப்பது ஆண்டுகளாகச் சேகர வண்டிகளை ஓட்டியும் பழுதுபார்த்தும் வருகிற நான் இதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். பதில் தெரியாததால் அன்று. அதே வாதத்தை ஒருமுறை நானே சொல்லியிருந்தேன். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

முதலில் பனிக்கால டயரைப்பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு டயர் என்றால் கறுப்பு ரப்பர், அவ்வளவுதான். ஆனால் ரப்பர் குளிரில் இறுகும். கோடைக்கால டயரின் ரப்பர், ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே நெகிழ்வை இழக்கத் தொடங்குகிறது. அதற்குப் பனி விழவேண்டும் என்பதில்லை. விளையாட்டுக் கார்களில் பெரும்பாலும் இருப்பவை இந்த வகை டயர்களே. வெயில் நாளில் சாலையைக் கவ்விப்பிடிப்பவை குளிரில் மரக்கட்டைபோல் ஆகிவிடும். பனிக்கால டயரின் ரப்பர்க் கலவை வேறு. உறைகுளிரிலும் அது மென்மையாக இருக்கும். அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை பனியைக் கவ்வுகின்றன. டயரின் பள்ளங்களில் பனி அடைத்துக்கொண்டாலும் கேடில்லை. பனி பனியைப் பிடித்துக்கொள்ளும்.

நம் கரிசல் அப்படியன்று. இந்த மண்ணிலுள்ள களி, நீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஒரு மழை பெய்த பின் காட்டுப்பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் செருப்பு கனத்துக்கொண்டே போகும். அந்த மண் டயரின் பள்ளங்களில் அடைத்துக்கொண்டால், புது டயரும் பானையின் அடிபோல் வழவழப்பாகிவிடும். சற்றே தேய்ந்த டயராக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2015ஆம் ஆண்டு நான் விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு சேகரத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். சேகரத்துக்கு ஒரு பொலிரோ இருந்தது. அதுவும் பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டி. மழைக்காலம் தொடங்கும் முன் நான்கு டயர்களும் தேய்ந்திருந்தன. பின்னிரண்டும் அறவே வழுக்கை. முன்னிரண்டில் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டர் பள்ளத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. சேகரப் பொருளாளர், "நான்கையும் மாற்றிவிடுங்கள் ஐயா, பணம் இருக்கிறது" என்றார். "தள்ளுவது பின்சக்கரம்தானே, இரண்டு போதும். மீதிப் பணத்தில் கிறிஸ்துமசுக்கு முன் கோயிலுக்கு வெள்ளையடித்துவிடலாம்" என்றேன். கமிட்டியில் என் சிக்கனத்தைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்தது என்பதைத் தமிழகமே அறியும். டிசம்பர் முதல் வாரத்தில், கடைசி ஊரில் மாலை ஆராதனை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் நான்குபேர். எனக்கு இடப்பக்கம் எங்கள் சபை ஊழியர் அமர்ந்திருந்தார். கண்மாய்க் கரையை ஒட்டிப் பாதை வளைகிற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். முன்சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. பின்னாலிருந்த புது டயர்கள் மண்ணை நன்றாகப் பிடித்து, வண்டியை நேராகவே தள்ளிக்கொண்டு போயின. பிரேக்கை மிதித்தேன். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. என்னுடைய முன்சக்கரங்களுக்கோ பிடியே இல்லை. வண்டி கரையிலிருந்து சரிந்து ஓர் உடைமரத்தில் மோதிச் சாய்ந்தது. ஊழியருடைய இடது மணிக்கட்டு ஒடிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று.

அடுத்த ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். உயிர் தப்பியதற்காக நன்றி சொன்னார்கள். "என்ன மழை, என்ன மழை" என்று எல்லாரும் மழையையே குறைசொன்னார்கள். நானும் அப்படியே சொல்லவிட்டேன். உண்மை தெரிந்தவர் பொருளாளர் ஒருவர்தான். அவரும் என் முகத்துக்காகப் பேசாதிருந்தார். ஊழியருடைய கை சரியாகக் கூடவில்லை. அதன்பின் நான் மாற்றலாகும்வரை, கோயில் மணியின் கயிற்றை அவர் ஒற்றைக் கையால் இழுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் மருமகனை அழைத்தேன். நான்கு டயர்களும் வேண்டும், நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக இருக்கவேண்டும் என்றேன். பின்சக்கரங்கள் வண்டியை நகர்த்தும். திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் முன்சக்கரங்களின் வேலை. முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டாலோ வண்டியின் வால் சுழன்றுவிடும். சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவிகள் அவன் வண்டியில் இருக்கின்றன என்றான். அவை எஞ்சினின் வேகத்தைக் குறைக்கும், பிரேக்கைப் பிடித்து விடும். ஆனால் டயருக்கு இல்லாத பிடியை அவற்றால் உண்டாக்க முடியாது. வண்டி எத்தனை விலையுயர்ந்ததானாலும், தரையைத் தொடுவது உள்ளங்கை அளவான நான்கு இடங்கள் மட்டுமே.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அது பனியில் ஓட்டிச் சோதித்த டயருக்குரிய முத்திரை. எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அவை பள்ளங்களின் அமைப்பைத்தான் குறிக்கும். தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் இருக்கும். 3621 என்றால் 2021ஆம் ஆண்டின் 36ஆம் வாரம். அவன் வண்டியில் இருப்பது 17 அங்குலச் சக்கரம், 205/45 டயர். அதே வண்டிக்கு 16 அங்குலச் சக்கரத்தில் 195/50 அளவும் உண்டு. சற்றே குறுகிய டயர் பனியை அறுத்துக்கொண்டு இறங்கும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தில் விழுந்தாலும் தாங்கும். விலையும் பெரும்பாலும் குறைவு. பிரேக்கில் இடிக்காமல் அந்தச் சக்கரம் பொருந்துகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் பனி விழும்வரை காத்திராமல், காலைக் குளிர் 7 டிகிரியைத் தொடும்போதே மாற்றிவிட வேண்டும். குளிர் ஐந்தாறு டிகிரி கூடும்போதெல்லாம் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பவுண்டு இறங்கும். ஆகையால் அதையும் அடிக்கடி பார்க்கவேண்டும்.

"எங்க மாகாணத்துல சட்டம் கட்டாயப்படுத்தல மாமா" என்றான்.

உண்மைதான். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் அப்படியில்லை. போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தரவேண்டும் என்ற விதி மட்டும் 2016 முதல் இருக்கிறது. "என் முன் டயர்களும் சட்டப்படி சரியாகத்தான் இருந்தன" என்று சொல்லி, கண்மாய்க் கரையில் நடந்ததை முதன்முறையாக வாய்திறந்து அவனிடம் சொன்னேன். நான்கும் வாங்கப் பணம் சேரும்வரை வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போ என்றேன்.

அவன் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஊழியர் கை இப்ப எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. கேட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே சனிக்கிழமை எட்டயபுரம் போனேன். ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருக்கிறார். காப்பி வந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன்: பொருளாளர் பணம் தர முன்வந்தது, நான் இரண்டு போதும் என்றது, பாராட்டை வாங்கிக்கொண்டது, பழியை மழைமேல் போகவிட்டது. என்னை மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் எழுந்து வாசலுக்கு வந்து, என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து முன் டயரை விரலால் தொட்டார்.

"இப்பம் நாலும் புதுசுதானே, ஐயா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி வேறொன்றும் பேசவில்லை. புறப்படும்போது அவரே ஜெபித்தார்.

அந்தச் சேகரத்தைச் சேர்ந்த சிலரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று அறிவேன். அன்று உங்களிடம் சொல்லாததை இன்று எழுதியிருக்கிறேன். குற்றம் மழையினுடையதன்று.

பிரியமானவர்களே, கரிசல் விவசாயி மழைக்கு முன்பே விதைப்பது ஏன் என்று நீங்கள் அறிவீர்கள். மழை விழுந்தபின் இந்த மண்ணில் கலப்பையும் இறங்காது, காலும் இறங்காது. 1901 முதல் நம் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக்கு இதையே பரிந்துரைக்கிறது. பத்துக் கன்னிகைகளின் உவமையிலும் ஐவருக்குக் குறைந்தது ஆசையன்று. நடுராத்திரிக்கு முன் வாங்கியிருக்க வேண்டிய எண்ணெய். வாங்குவதற்கான நேரம் வெளிச்சமிருந்தபோது முடிந்துவிட்டது.

ஐப்பசி வருகிறது. பள்ளி வேனோ, மோட்டார் சைக்கிளோ, உங்களிடம் இருப்பது எதுவானாலும் இந்த வாரமே குனிந்து எல்லாச் சக்கரங்களையும் பாருங்கள். அதோடு, யாரிடமாவது நெடுநாளாய்ச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு வார்த்தை உங்களுக்கும் இருந்தால், மழைக்கு முன் அந்த வீட்டுக்கும் ஒருமுறை போய் வாருங்கள்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள் போதகர்