சைலன்சர் குழாய்க்குள் ஒரு சாட்சி

காரின் புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் விரல் நீளக் கருவிக்கு லாம்ப்டா சென்சார் என்று பெயர். பட்டறைகளில் அதை ‘ஓ2 சென்சார்’ என்பார்கள். எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்பதை அது மின்குறியாக மாற்றி, இன்ஜினை ஆளும் கணினிக்கு, அதாவது ‘ஈசிஎம்’முக்கு, சொல்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இன்ஜினுக்குள் உண்மையில் போன காற்றைத் தேவையான காற்றால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே லாம்ப்டா. அது 1 என்றால் கணக்கு நேராக இருக்கிறது. 1-ஐத் தாண்டினால் காற்று அதிகம். மெக்கானிக்குகள் மொழியில் ‘லீன்’. 1-க்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் அதிகம், அது ‘ரிச்’.

இந்தச் சென்சாரோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் இடங்களில் ஒன்று சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல். 1958-இல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டை அதன் ஓர் எல்லை. அடையாறு இன்னோர் எல்லை. கத்திப்பாராவிலிருந்து கோயம்பேட்டுக்குப் போகும் உள்வட்டச் சாலையும் அதன் மேலே ஓடும் மெட்ரோ பாதையும் ஊரை ஊடுருவிச் செல்கின்றன. பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் லேத் பட்டறை, பெயின்ட் அடிக்கும் ஷெட், கார் மெக்கானிக் ஷெட் என்று தொழில்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உயர்திறன் கார்களைப் பார்க்கும் ஷெட்டை வாசலிலேயே அடையாளம் காணலாம். அங்கே ஸ்பேனர் பலகைக்குச் சமமான இடம் மடிக்கணினிக்கும் ஸ்கேனருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும்.

சென்சாரின் உள்ளே இருப்பது ஒரு பீங்கான். இட்ரியா கலந்த சிர்கோனியாவால் ஆன அது, ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே கடத்தும். பீங்கானின் ஒரு பக்கம் புகையும் மறு பக்கம் வெளிக்காற்றும் படும். இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் மின்னழுத்தம் பிறக்கிறது. ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை. பெட்ரோல் அதிகமானால் அழுத்தம் சுமார் 0.9 வோல்ட்டுக்கு ஏறும். காற்று அதிகமானால் 0.1 வோல்ட்டுக்கு விழும். இடையில் 0.45 வோல்ட்டில்தான் லாம்ப்டா 1. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் 1976-இல் வால்வோ காரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

பழைய வகை சென்சாருக்கு ‘கூட’, ‘குறைய’ என்று மட்டுமே சொல்லத் தெரியும். எவ்வளவு என்று சொல்லத் தெரியாது. டர்போ பொருத்திய இன்ஜினுக்கு அது போதாது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது டர்பைன் உருகிவிடாமல் குளிர்விக்கச் சில கார்களில் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் ஊற்றப்படும். அப்போது லாம்ப்டா 0.85-ஆ 0.75-ஆ என்பது இன்ஜினின் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்வி. அதற்கு விடை சொல்வது வைட்பேண்ட் சென்சார். அதில் ஒரு நுண் அறை இருக்கிறது. அந்த அறைக்குள் லாம்ப்டா எப்போதும் 1 ஆகவே நிற்கும்படி ஆக்சிஜனை வெளியேற்றவோ உள்ளிழுக்கவோ ஒரு பம்ப் செல் மின்னோட்டம் செலவிடுகிறது. எவ்வளவு மின்னோட்டம் செலவானது என்பதிலிருந்து லாம்ப்டாவின் சரியான மதிப்பு தெரிந்துவிடும்.

வி-8 இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் புகைக்குழாயும் இரண்டு. ஒவ்வொரு குழாயிலும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார், ஆக நான்கு. முன் சென்சார் பெட்ரோல் அளவைத் திருத்த உதவுகிறது. பின் சென்சார் கன்வர்ட்டரைக் கண்காணிக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற கன்வர்ட்டர், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நஞ்சுகளையும் ஒருசேர மாற்றும். லாம்ப்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியில்தான் அது இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். சென்சார் தவறினால் கன்வர்ட்டரும் தவறும் என்பதற்குக் காரணம் இதுவே.

இவை இரண்டையும் பாழாக்கும் பொருள் ஈயம். அதனால்தான் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோதே ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் ஈயமற்ற பெட்ரோல் நாடு முழுவதற்குமான நியதியாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடப்புக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அதன் இரண்டாம் கட்டமாக, ஆய்வகத்தில் மட்டுமல்லாமல் உண்மையான சாலை ஓட்டத்திலும் புகை அளக்கப்படுகிறது. ஆய்வகச் சோதனையைத் தந்திரமாகக் கண்டுகொண்டு ஏமாற்றும் மென்பொருளை ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015-இல் அம்பலமான பிறகு, சாலைச் சோதனையின் தேவையை உலகம் உணர்ந்துகொண்டது.

இனி ஈக்காட்டுத்தாங்கல் ஷெட் ஒன்றில் லிஃப்டில் ஏற்றப்பட்டிருக்கும் ஒரு காருக்கு வருவோம். இரட்டை டர்போ வி-8. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. பிக்கப் சற்று மந்தம். ஸ்கேனரைச் சொருகியதும் இரண்டு பழுதுக் குறியீடுகள், பட்டறை மொழியில் ‘கோடுகள்’, வருகின்றன: பி0171, பி0174. முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் ‘லீன்’ என்று பொருள். அவசரக்கார மெக்கானிக் இங்கேயே முன் சென்சார்கள் இரண்டையும் மாற்றச் சொல்லி விலை எழுதித் தந்துவிடுவார். கைதேர்ந்தவரின் யோசனை வேறு விதமாக ஓடுகிறது. இரண்டு சென்சார்கள் ஒரே நாளில், ஒரே திசையில் பழுதாவது அரிது. இரண்டும் ஒரே சேதியைச் சொன்னால், சேதி உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் இரு வரிசைக்கும் பொதுவான ஓர் இடத்தில் கோளாறு இருக்க வேண்டும்.

அடுத்து அவர் பார்ப்பது ஃப்யூயல் ட்ரிம். சென்சார் சொன்னதைக் கேட்டு ஈசிஎம் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியது, குறைத்தது என்பதன் சதவிகிதம் அது. வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது கூட்டல் மிக அதிகமாகவும், 2500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றினால் இயல்பை ஒட்டியும் இருந்தால், கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே புகுகிறது. இன்ஜின் குறைவாகக் காற்றிழுக்கும்போது சிறு ஓட்டையின் பங்கு பெரிதாகத் தெரியும். நிறைய இழுக்கும்போது அது கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, எந்த வேகத்திலும் கூட்டல் குறையாமல், பாரம் ஏற ஏற வளர்ந்தால் சந்தேகம் பெட்ரோல் பம்பின் பக்கம் திரும்பும்.

பிறகு ஸ்மோக் மெஷினிலிருந்து வெண்புகை இன்ஜினின் காற்றுப்பாதைக்குள் செலுத்தப்படுகிறது. வேலை பழகும் பையன் டார்ச் விளக்கோடு இண்டு இடுக்குகளைத் துருவுகிறான். சில நிமிடங்களில் கிராங்க்கேஸ் காற்றை உள்ளிழுக்கும் ரப்பர் குழாயின் வளைவில் நூல் போலப் புகை கசிகிறது. வருடக்கணக்கான வெப்பத்தில் இறுகி விரிசல் விட்ட குழாய் அது. அதை மாற்றியதும் ட்ரிம் எண்கள் இயல்புக்குத் திரும்புகின்றன. சென்சார் நான்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆரம்பம் முதல் அவை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

சென்சாரே கெட்டிருக்கும் சமயங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதும் தொழிலின் பகுதி. பி0135 என்ற கோடு சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சுற்றைக் குறிப்பது. மல்டிமீட்டர் வைத்தால் நல்ல ஹீட்டர் சில ஓம் காட்டும். அறுந்தது எதுவும் காட்டாது. ஹீட்டர் நன்றாக இருந்தால், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்துவிட்டுச் சென்சாரின் பதில் எவ்வளவு விரைவாக வருகிறது என்று திரையில் பார்க்கிறார்கள். சோம்பலாக வந்தால் பீங்கானில் படிவு ஏறியிருக்கும். கழற்றிப் பார்த்தால் நிறமே கதை சொல்லும். கருமை என்றால் பெட்ரோல் அதிகம். வெண்தூள் என்றால் இன்ஜினில் பூசிய சிலிகான் பசையோ, கசிந்த கூலன்ட்டோ காரணம். பழுப்புப் படிவு என்றால் ஆயில் எரிகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுச் சென்சார் போட்டால் அதுவும் விரைவிலேயே அதே நிறத்துக்கு மாறும்.

பி0420 என்பது பலரை ஏமாற்றும் கோடு. கன்வர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று அதற்குப் பொருள். நல்ல கன்வர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வைத்துச் செலவிடுவதால் பின் சென்சாரின் அலை ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கும். அது முன் சென்சாரைப் போலவே ஏறி இறங்கத் தொடங்கினால் சேமிக்கும் திறன் போய்விட்டது. ஆனால் பின் சென்சாருக்கு அருகே குழாய் இணைப்பில் சிறு விரிசல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும் அலை கலங்கும். விலையுயர்ந்த கன்வர்ட்டரைக் கழற்றுவதற்கு முன் கேஸ்கெட்டைப் பார்ப்பது நேர்மையான பட்டறையின் இலக்கணம்.

மாற்றும் வேலைக்கும் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான சென்சார்களுக்கு 22 மில்லிமீட்டர் சாக்கெட் போதும். ஒயர் நுழைய அதன் பக்கவாட்டில் நீளமான வெட்டு இருக்கும். குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை பிய்யாது. வைட்பேண்ட் சென்சாரிலிருந்து ஐந்து ஒயர் வரும்; அவற்றை இணைக்கும் கப்ளரிலோ ஆறு முனை. அந்தச் சென்சாருக்கென்றே அளந்து பொருத்திய மின்தடை கப்ளருக்குள் ஒளிந்திருப்பதே காரணம். பழைய உதிரிப்பாகம் வாங்கி, வண்டியில் இருந்த கப்ளரை வெட்டி ஒட்டினால் அந்த அளவீடு தொலைந்து, சென்சார் சொல்லும் எண் பிசகும். ஒப்பீட்டுக்கான வெளிக்காற்று பல சென்சார்களில் ஒயரின் இழைகளுக்கிடையே வருவதால் கப்ளரில் கிரீஸ் அடைப்பதும் கூடாது.

தண்ணீரும் எதிரி. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்தது. குழாய்வரை மூழ்கிய காரை அப்படியே ஸ்டார்ட் செய்தால், பழுக்கக் காயும் பீங்கான்மீது நீர்த்துளி தெறித்து அது விரிசல் விடலாம். சாதாரண நாளிலும் இந்த அபாயம் உண்டு. அதனாலேயே குழாயில் படிந்த ஈரம் காய்ந்துவிட்டது என்று கணக்கிட்ட பிறகுதான் ஈசிஎம் ஹீட்டருக்கு முழு மின்சாரம் கொடுக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியை இழுத்துவந்து, ஒயரிங்கையும் கப்ளரையும் உலர்த்தி, அதன் பின்பே சாவி போட வேண்டும்.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு 14.7 என்ற எண் பொருந்தாது. கிலோவுக்குச் சுமார் 13.5 கிலோ காற்றே அதற்குப் போதும். ஆனால் லாம்ப்டா 1 என்பது 1 தான். சென்சார் பார்ப்பது மிஞ்சும் ஆக்சிஜனை என்பதால், எந்த எரிபொருளானாலும் நேர்நிலையை அது கண்டுகொள்ளும். ஈசிஎம் அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்கிறது. ட்ரிம் எண் முன்பைவிடச் சற்று ஏறி நிற்பதை இ20 நிரப்பிய வண்டியில் பார்த்தால், அதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது.

கன்வர்ட்டரைக் கழற்றி வெறும் குழாய் பொருத்தி, பின் சென்சாரை மென்பொருளில் மறைத்துவிடும்படி கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சத்தமும் சிறிது வேகமும் கூடும். ஆனால் மூன்று நஞ்சுகளும் மாற்றப்படாமல் தெருவுக்கு வரும். அந்தத் தெருவில் முதலில் மூச்சு விடுபவர்கள் பட்டறைத் தொழிலாளிகள்தாம்; மூடிய ஷெட்டுக்குள் நாள் முழுவதும் இன்ஜின் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் அவர்கள். மோட்டார் வாகனச் சட்டமும் இத்தகைய மாற்றத்தை அனுமதிப்பதில்லை. புகைச் சான்றிதழுக்கான சோதனையில் பி.எஸ்.4 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களின் லாம்ப்டாவும் பார்க்கப்படுகிறது. உயர் ஐட்லிங்கில் அது 1-லிருந்து 0.03-க்கு மேல் விலகக் கூடாது.

வேலை முடிந்ததும் கோடுகள் அழிக்கப்படுகின்றன. அதோடு ஈசிஎம் தன்னைத்தானே சோதித்து வைத்திருந்த முடிவுகளும் அழிந்துபோகும். ஆகவே குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சிறிது நேரம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். பகலில் உள்வட்டச் சாலையில் சீரான வேகம் கிடைக்காது, விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் கிடைக்கும். திரும்பி வந்து ஸ்கேனரைச் சொருகும்போது சென்சார், ஹீட்டர், கன்வர்ட்டர் ஆகிய மூன்றின் சோதனையும் முடிந்ததாகத் திரை காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகே சாவி வண்டிக்காரர் கைக்குப் போகிறது.