கடைசி நம்பரைப் படிச்சியா?

ஒரு சின்ன டெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ். உங்க முன்னாடி ரெண்டு பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கு. ரெண்டுமே மேக்ஸ்டர். ரெண்டுமே 40 ஜி.பி. ஒண்ணோட லேபிள்ல 5டி040எச்4னு போட்டிருக்கு. இன்னொண்ணுல 4டி040எச்2. ரெண்டும் ஒண்ணுதானே?

'ஆமா'ன்னு சொன்னா, நீங்களும் என் கட்சி. 2005-ல் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அப்போ நெய்வேலி டவுன்ஷிப், பதினாறாம் பிளாக் குவார்ட்டர்ஸில் எங்க வீடு. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. காலேஜ் படிக்கிற பையனுக்காக லோன் போட்டு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதில் சினிமா பாட்டு, கேம்ஸ் தவிர உருப்படியா ஒரே ஒரு ஃபைல்தான். தாத்தாவோட குரல். மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு, சின்ன வயசுக் கதைகளை முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். அடுத்த மாசமே தாத்தா போயிட்டார். காப்பி எடுத்தேனா? நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டாச்சு!

ஒரு ஞாயித்துக்கிழமை கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினேன். திரும்ப மாட்டும்போது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற நாலு முள் பவர் பின்னைத் தலைகீழா வெச்சு அழுத்தினேன். அது போகமாட்டேன்னுச்சு, நான் விடலை. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட். ஸ்விட்ச் போட்டதும் கருகின வாசனை. தப்பு முழுக்க என்னுது.

மெயின் பஜார் சர்வீஸ் கடை அண்ணன்கிட்ட ஓடினேன். "டேட்டா எங்கேயும் போயிருக்காது தம்பி. அடியில இருக்கிற பச்சை போர்டுதான் எரிஞ்சிருக்கு. இதே மாதிரி இன்னொரு டிஸ்க் கிடைச்சா, போர்டை மட்டும் மாத்திப் பார்க்கலாம்" என்றார். மறுநாளே ஒரு ஃப்ரெண்டு வீட்டுல சும்மா கிடந்த 40 ஜி.பி.யைத் தூக்கிட்டு, ஸ்க்ரூ டிரைவரோட போய் நின்னேன். அண்ணன் தடுத்தார். "கடைசி நம்பரைப் படிச்சியா?"

அவர் எனக்கு எடுத்த பாடத்தை உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்கோங்க.

ஹார்ட் டிஸ்க்குள்ள பளபளன்னு வட்டத் தட்டுகள் சுத்தும். பேரு பிளாட்டர். தட்டுக்கு மேல் பக்கம், கீழ் பக்கம்னு ரெண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு ஹெட். அந்தக் கால மேக்ஸ்டர் நம்பரில் முதல் ரெண்டும் குடும்பப் பேர்; நடுவில் வர்ற 040, 40 ஜி.பி.; கடைசி நம்பர் எத்தனை ஹெட்னு சொல்லும். எச்4 என்றால் நாலு ஹெட், ரெண்டு தட்டு. எச்2 என்றால் ஒரே தட்டு. என்னுது 20 ஜி.பி. தட்டு ரெண்டு, நிமிஷத்துக்கு 7200 சுற்று. ஃப்ரெண்டோடது மொத்தமும் ஒரே தட்டில், 5400 சுற்று. வெளியே அதே 40. உள்ளே ஆளே வேற! அப்போ 5டி060எச்6? கரெக்ட், மூணு தட்டு.

எல்லா கம்பெனியும் இப்படி வெளிப்படையா சொல்லாது. சீகேட்டின் எஸ்டி380021ஏ, எஸ்டி380011ஏ ரெண்டுமே 80 ஜி.பி. முதல் 3, மூன்றரை இஞ்ச் சைஸ். அடுத்த 80, கொள்ளளவு. தட்டுக் கணக்கு நம்பரில் கிடையாது. எந்தத் தலைமுறை, அதில் தட்டுக்கு எத்தனை ஜி.பி. என்று பார்த்து வகுக்கணும். முதலாவது பாரகுடா ஏ.டி.ஏ. 4, தட்டுக்கு 40, ஆக ரெண்டு தட்டு. அடுத்தது பாரகுடா 7200.7, தட்டுக்கு 80, ஒரே தட்டு.

"மூடியைத் திறந்து எண்ணிட்டா போச்சு"ன்னேன். அண்ணன் சிரிச்சுட்டார். ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு தூசி நுழைஞ்சாலே கீறல் விழும். "கரி ஊர்க்காரன் பேசற பேச்சா தம்பி இது?"

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். "நாங்க மட்டும் என்ன, தோண்டிட்டா தெரிஞ்சுக்கறோம்? போர் போட்டு, எவ்வளவு ஆழத்துல எவ்வளவு கனத்துல கரி இருக்குன்னு பார்த்த பிறகுதான்டா மேல்மண்ணுல கையே வைப்போம்" என்றார். நெய்வேலி நிறுவனம் தொடங்கின அதே 1956-ல்தான் ஐ.பி.எம். உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 24 இஞ்ச் தட்டு, மொத்தம் ஐம்பது. அத்தனையும் சேர்ந்து பிடிச்சது 50 லட்சம் எழுத்து!

ரெண்டு மாசம் அலைஞ்சு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே 5டி040எச்4 கிடைச்சது. அண்ணன் போர்டை மாத்தினார். வீட்டுக்கு வந்து ஆன் பண்ணினேன். தாத்தா ஒரு தடவை இருமிட்டு, பேச ஆரம்பிச்சார். சமையல்கட்டில் இருந்த அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க.

மேக்ஸ்டரை 2006-ல் சீகேட் வாங்கிடுச்சு. இப்போ வர்ற டிஸ்க்குகளில், அந்தந்த டிஸ்க்குக்கான தனி விவரங்கள் போர்டிலேயே எழுதியிருக்கும். அதனால சும்மா போர்டை மாத்தினா ஓடாது, முயற்சி பண்ணாதீங்க. எஸ்.எஸ்.டி.யில் தட்டே கிடையாது. ஆனா ஒண்ணு மாறலை. கை வைக்கிறதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க. அதுக்கும் முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்க குரலை ஒரு காப்பி எடுத்து வைங்க. நாளைக்கு இல்லை... இன்னிக்கே!